மூன்று சதவீதம்

தொழிற்சாலையில் எனக்கு வேலை
ஈரத்தைத் துரத்துவது.
டிரையரின் வாயில் நிற்பேன்.
பச்சை மணத்தோடு உள்ளே போகும் இலை
கறுத்துச் சுருண்டு வெளியே விழும்போது
அதில் மூன்று சதவீதம்தான் தண்ணீர் இருக்கலாம்.
நான்கு என்றால் சுகதன் சார் கத்துவார்.

விடிகாலையில் ஷிப்ட் முடிந்து
சேரம்பாடி வளைவில் இறங்கி
வீட்டுக் கதவைத் தள்ளினால்
திறப்பதில்லை.
ஆனி பிறந்தால் மரம் உப்பிக்கொள்ளும்.
தோளால் இடித்துத்தான் நுழையணும்,
சொந்த வீட்டுக்குள் திருடன் மாதிரி.

தீப்பெட்டி நமுத்துக் கிடக்கும்.
உப்பு ஜாடி நீர்விட்டிருக்கும்.
"பெல்ட்டு பூத்திருக்கு" என்பாள் புஷ்பமணி,
"ஊறுகா பூத்திருக்கு,
உங்கப்பா போட்டோ பூத்திருக்கு."
பூ என்ற சொல்லை
இத்தனை வெறுப்போடு சொல்பவளை
வேறெங்கும் பார்த்ததில்லை.

வயநாட்டு மழை நேராக வந்து அறைவது
மேற்குச் சுவரில்.
போன வருஷம் கைக்குட்டை அளவு இருந்த கறுப்பு
இப்போது கட்டில்வரை இறங்கிவிட்டது.
பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தோம்.
மயில்துத்தம் கலந்து சுண்ணாம்பு அடித்தோம்.
கடைக்காரன் சத்தியம் பண்ணிய பெயின்ட்டை
ஆயிரத்து எழுநூறு கொடுத்துப் பூசினோம்.
பெயின்ட் கொப்புளம் கட்டி
தோலாக உரிந்தது.
அதற்குப் பின்னால் அது
அவசரமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

நிரோஷினிக்கு ராத்திரியில் இளைப்பு.
நெஞ்சுக்குள் விசில்.
பந்தலூர் டாக்டர் சீட்டு எழுதியபடி
தலை நிமிராமல் கேட்டார்:
"பிள்ளையோட தலையணையை
வெயில்ல போடுறீங்களா?"
புஷ்பமணி சன்னலைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
கடைசியில் டாக்டரும் பார்த்தார்.

அன்றைக்குத்தான்
தூக்குவாளியோடு இன்னொரு பையும் கொடுத்தாள்.
மேலே துண்டு, அடியில் தலையணை.
"உங்க மெஷினு முன்னால
அரை மணி நேரம்.
யாரு பாக்கப் போறா?"

பார்த்தார் சுகதன் சார்.
இரண்டு மணிக்கு ரவுண்டு வந்தவர்
சூட்டுக் காற்று வரும் தகரத்தின் மேல்
யானைப் படம் போட்ட தலையணை
படுத்திருப்பதைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
என் பதினெட்டு வருஷ வேலை
ஆவியாகிக் கூரைக்குப் போனது.
ஒன்றும் பேசாமல் ஆபீசுக்குள் போய்
திரும்பி வந்தபோது
கையில் ஒரு கறுப்புக் கோட்டு.
காலரெல்லாம் சாம்பல் பச்சை.
"ஞாயிற்றுக்கிழமை மோளுக்குக் கல்யாணம்,
பத்தேரியில்" என்றார்.
"அதைக் கொஞ்சம் தள்ளிப் போடு."

இப்போதெல்லாம் ராத்திரி ஷிப்டில்
கணக்கில் வராத சரக்கு வருகிறது.
ஏலியாசின் பைபிள்.
பேக்கிங் மரகதத்தின் ரேஷன் கார்டு.
ஒருநாள் ஒரு தப்பு,
தோல் தொய்ந்து, தட்டினால்
பேசவே மாட்டேன் என்றது.
யாரும் யாரிடமும் காரணம் கேட்பதில்லை.

தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.
முகத்துக்குப் பவுடர் போட்டு வந்தாலே
வாசலில் நிறுத்திவிடுவார்கள்.
எனவே எங்கோ ஓர் ஊரில்
தம்ளரை மூக்கருகே கொண்டுபோகும் யாரோ ஒருவர்
ஒரு நொடி தயங்கக்கூடும்:
தேங்காயெண்ணெய் மாதிரி,
பிள்ளை எச்சில் மாதிரி,
பழைய வேதாகமத்தின் நடுப்பக்கம் மாதிரி
என்ன இது?
அப்புறம் குடித்துவிடுவார். சூடு ஆறிவிடுமே.

விடியும்போது தலையணை
பேக்கரி ரொட்டிபோல வீடு வரும்.
கன்னத்தை வைத்ததும்
நிரோஷினியின் விசில் அடங்கும்.
மதியத்துக்குள் அது மறுபடி கனக்கத் தொடங்கும்,
எனக்குத் தெரியும்,
சுவருக்கும் தெரியும்.

ஐப்பசிவரை ராத்திரி ஷிப்டே வேண்டும் என்று
எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
காரணம் என்ற இடத்தில்
குடும்பச் சூழ்நிலை.
சுகதன் சார் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.
நமுத்த தாளில் மை
கொஞ்சம் பரவியது.