கசிவு

ராவுமா கப்பல் பட்டறையில் இருபத்தாறு வருடம்
இரும்பை இரும்பால் அடித்தவள் நான்.
ஓய்வூதியம் ஒழுங்காகத் தருகிறார்கள்.
பிடித்தம் செய்துகொண்டது மூன்று எழுத்து:
ச, த, க.

எங்கள் பின்னிஷ் மொழியில்
தக்கி என்றால் கோட்டு, தத்தி என்றால் காளான்,
சக்கி ஒரு கும்பல்.
எனக்கு மூன்றும் ஒரே இரைச்சல்.
கோட்டை எடுத்துவா என்று மகள் சொன்னாள்,
காளான் கூடையோடு இறங்கி வந்தேன், பனியில்.

என் வீட்டுக்கு நேர் கீழே திருச்சபைக் கூடம்.
செப்டம்பரில் கம்பளத்தைச் சுருட்டிவிட்டு
சுவரோரம் செம்புக் கம்பி பதித்தார்கள்.
கருவியை டி-யில் வைத்தால்
மைக்கில் பேசுவது நேரே காதுக்குள் வருமாம்,
நாற்காலி இழுபடாமல், யாரும் இருமாமல்.
கோயிலுக்கே போகாதவளுக்கு அது எதற்கு?

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை
உருளைக்கிழங்கு உரித்த கையால் காதோரம் சொறிந்தேன்,
பொத்தான் நகர்ந்தது.
சமையலறையில் ஒரு ஆண்குரல்:
"நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. இது ஆடுகிறது."

ஒரு எழுத்தும் சிந்தவில்லை.
திரும்பிப் பார்த்தேன்.
அடுப்பு மட்டும் நின்றது.

காந்தத்துக்குக் கூரை ஏது, தரை ஏது.
கீழே கூடத்தைக் கூட்டும் தைஸ்தோ,
மைக் தொலைந்துவிடக் கூடாதென்று
அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே
நாற்காலி அடுக்குகிறான்.
அணைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை போல.

அதன்பிறகு திங்கள்தோறும் நான் டி-யில் இருந்தேன்.
ரேடியேட்டரைத் திட்டினான்.
ஹாக்கி பயிற்சியாளரைத் திட்டினான், இன்னும் நிதானமாக.
பாதிரியாரைப் போலவே கனைத்து
காலி நாற்காலிகளுக்குப் பிரசங்கம் செய்தான்.
செத்துப்போன நாயோடு பேசினான்,
அது பதில் சொல்ல இடம் விட்டு.
ஜனவரியில் ஒருநாள் அழுதான்.
ஜலதோஷமாகவும் இருக்கலாம்.

மார்ச்சில் துறைமுகத்துப் பனிக்கட்டி உடைந்த வாரம்
மனசாட்சி பொறுக்கவில்லை. படியிறங்கினேன்.
மரியாதைக்காகக் கருவியைப்
பழைய நிலைக்கு மாற்றிக்கொண்டு.

எதிரே வந்து ஏதோ கேட்டான்.
வாயை மூடும் மீசை, மேலே விசிறியின் உறுமல்.
ஐந்து மாதமாக மூச்சுவரை தெரிந்த குரல்,
ஒரு முழம் தள்ளி நின்று
வெறும் இரைச்சலாகக் கொட்டியது.
கோட்டா, காளானா, கும்பலா?

வேறு வழியில்லை.
அவன் பார்க்கப் பார்க்க
விரலைக் காதுக்குக் கொண்டுபோனேன்.

"குழாய் கசிகிறதா மேலே?"

கசிகிறது என்றேன்.
அவன் மார்பில் தொங்கியதைச் சுட்டிக் காட்டினேன்.

குனிந்து பார்த்தான். என் காதைப் பார்த்தான்.
கூரையைப் பார்த்தான்.
"எப்போதிலிருந்து?"
"அக்டோபர்."

விரல்விட்டு மாதங்களை எண்ணியபடி
கைக்கெட்டிய நாற்காலியில் உட்கார்ந்தான்.
அது ஆடியது.
அணைக்கத் தோன்றவில்லை அவனுக்கு,
சொல்லத் தோன்றவில்லை எனக்கு.
கம்பி வழியாக அவன் எச்சில் விழுங்குவது கேட்டது.

வெகுநேரம் கழித்து,
தாடையை மைக்கின் மேல் கவிழ்த்து,
ரகசியம் போல:

"நாயைப் பற்றியுமா?"