இஸ்திரிப் பலகை

பத்து மணிக்கு மேல்தான்
ஷார்ஜாவில் எனக்குப் பொழுது விடிகிறது.
அஜின் பால்புட்டியைத் தூக்கத்தில் தள்ளிவிட்டு
ஒருபக்கமாய்ச் சரிந்த பிறகு,
பிளைவுட் தடுப்புக்கு அப்பால்
பக்கத்து அறைக்காரரின் குறட்டை
ஒரே சீராய் வந்த பிறகு,
கட்டிலுக்கடியில் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து
கீபோர்டை இழுப்பேன்,
திருட வந்தவன் மாதிரி.

அதை விற்றவர் ஊருக்கே போய்விட்டார்.
சூப்பர்மார்க்கெட் வாசலில் காகிதம் ஒட்டியிருந்தார்:
கட்டில், வாஷிங் மெஷின், கீபோர்டு,
எல்லாம் உடனே போக வேண்டும்.
நூற்றைம்பது திர்ஹம். அறுபத்தோரு கட்டை.
மேலே ஒரு கறுப்புக் கட்டை மட்டும்
அழுத்தினால் எழாது,
நகத்தால் கெல்லி எடுக்க வேண்டும்.
ஸ்டாண்டு இல்லை.
இஸ்திரிப் பலகையை விரித்துப் பார்த்தேன். சரியாக இடுப்பளவு.
அதைச் செய்தவனுக்குக் கொஞ்சம் வாசிக்கத் தெரிந்திருக்கும்.

ஹெட்போனைச் செருகியதும்
எனக்கு முப்பது வயலின்கள்.
வீட்டுக்கு டக் டக்.

வியாழன்தோறும் ஒத்திகை.
ரோலாவில் டைப்பிங் சென்டரைச் சாத்திய பிறகு
அதன் உள்ளறையில்.
கித்தார் ஜெரால்டு, தபலா நவ்ஷாத்,
பாடுவதற்கு ஓர் அக்கவுண்டன்ட்.
நான் போய் நாலு வாரம்.
முதல் வாரம் அஜினுக்குக் காய்ச்சல்.
அடுத்தது ஷைனிக்கு ஆஸ்பத்திரியில் இரவுப்பணி.
மூன்றாவது, இத்திஹாத் சாலை.
ஜெபல் அலியில் ஆறுக்குக் கிளம்பி
நஹ்தா பாலத்துக்கு வர ஒன்பதே கால்.
ஸ்டியரிங்கிலேயே இடையிசை முழுக்க வாசித்து முடித்தேன்,
பக்கத்து லாரிக்காரர் பார்த்துச் சிரித்தார்.
நாலாவது வாரம் காரணமே இல்லை.
செருப்பை மாட்டும்போது மெர்லின்
"இன்னைக்கும் போறீங்களா?" என்றாள்.
போகவே இல்லையே என்று
சொல்ல வாயெடுத்தேன்.
ஆபீசையும் சேர்த்துத்தான் கேட்கிறாள்.
செருப்பைக் கழற்றினேன்.

ஜெரால்டு கோபப்படவில்லை. பட்டிருக்கலாம்.
பதிவை அனுப்பி, கீழே ஒரு வரி:
"ஒனக்க எடம் காலியா கெடக்கு மக்கா."
சரணத்துக்கு முன்னால் பதினாறு எண்ணிக்கை
தபலா தனியாக நடக்கிறது,
ஆள் வரட்டும் என்று
கதவைச் சாத்தாமல் விட்ட வீட்டுக்குள்
விளக்கு எரிகிற மாதிரி.

இந்த வாரம் முழுக்க அந்தப் பதினாறில் குடியிருக்கிறேன்.
பதினொன்றில் கட்டைவிரலைக் கீழே நுழைத்து
அந்த எழாத கறுப்புக்குத் தாவ வேண்டும்.
எல்லா இரவும் அங்கே நின்றுவிடுகிறேன்.
நகத்தால் கெல்லல்.
மறுபடி முதலிலிருந்து.

பத்து நாற்பதுக்கு ஷைனி வருவாள்,
ஒரு கையில் நீல யூனிஃபார்ம்
மறு கையில் இஸ்திரிப்பெட்டி.
ஒன்றும் சொல்ல மாட்டாள்.
காலை ஐந்தரைக்கு அவள் வண்டி.
பிள்ளையைக் கிடத்துகிற அதே பதத்தில்
கீபோர்டைக் கட்டிலில் கிடத்துவேன்.
நான் நின்ற இடத்தில் நீராவி எழும்.

சனிக்கிழமை காலை.
ஆப்பத்துக்குக் காத்திருந்த மெர்லின்
மேசைமேல் பத்து விரலையும் வைத்தாள்.
டக். டக்டக். டக்.
"என்ன பாட்டு?" என்றேன்.
"ஒங்க பாட்டுதான்."
இது கூடத் தெரியாதா என்கிற முகம்.
நான் எண்ணினேன். நடை தப்பவில்லை.
எட்டு, ஒன்பது, பத்து.
பதினொன்றில் நின்றாள்.
சின்ன நகத்தால் மேசையைக் கெல்லினாள்.
முதலிலிருந்து தொடங்கினாள்.

ஷைனி கரண்டியோடு திரும்பி
"அதுக்கப்புறம் எப்டிப் போகும்?" என்றாள்.
மகளிடமா என்னிடமா, தெரியவில்லை.
ஆப்பத்தின் ஓரம் கருகிக்கொண்டிருந்தது.

பட்டப்பகலில் பலகையை விரித்தேன்.
ஹெட்போனை உருவிவிட்டு
முப்பது வயலினையும் வீட்டுக்குள் விட்டேன்.
அஜின் வாயைத் திறந்தபடி பார்த்தான்.
மெர்லின் காதைப் பொத்திக்கொண்டாள்.
"இது இல்லப்பா. இது வேற."

சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தேன்.
டக். டக்டக். டக்.
"ஆ, இதான்" என்று
பலகைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.
ஷைனி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.
ஒன்பது, பத்து.
பதினொன்று வந்துகொண்டிருந்தது.