இடது கீழறை

ஆரணி ரோட்டில் புதுசாய்த் திறந்த இருதய கிளினிக்
பக்கச் சுவருக்குப் பத்தடியில் ஓர் இதயம் கேட்டார் டாக்டர்.
சாக்பீஸில் கோடு போட்டுக் காட்டினேன்.
"இன்னாய்யா, சீட்டுக்கட்டு ஆட்டின் மாதிரி கீது?"

சரிதான்.
இருபத்திரண்டு வருஷமாய் லாட்ஜ் போர்டு எழுதுகிறவன் நான்.
ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாத வங்காளத்தில்
'ரூம் காலி' என்று எழுதியே
மகளுக்குக் காது குத்தினேன்.
பார்க்காததை வரையப் பழக்கமில்லை.

கொசப்பேட்டை பாய் கடையில் வாங்கினேன்,
இந்த முறை நிஜமாகவே ஆட்டின் இதயம்,
நாற்பது ரூபாய்.
எவர்சில்வர் தட்டில், டியூப்லைட்டுக்குக் கீழே.

வெள்ளைக் கொழுப்பு பள்ளங்களில் உறைந்திருந்தது.
பிளேடால் பிளந்தேன்.
வலது சுவர் ஈரத்தில் ஊறிய பத்து ரூபாய்த் தாள்,
நகம் பட்டால் போச்சு.
இடது சுவர் செருப்பின் குதிகால் தடிப்பு.
உள்ளே கதவுகளை இழுத்துப் பிடித்திருந்தன
தையல் நூலைவிட மெல்லிய வெள்ளை நரம்புகள்.
இவ்வளவுதானா, இதை நம்பியா
மலை ஏறினது அந்த ஆடு?

"குழம்பா, வறுவலா?" என்று கேட்டபடி நின்றாள் பூங்காவனம்.
"இரு, அடிப்பக்கம் இன்னும் வரையல."
அப்புறம் மிளகு தூக்கலாய் வறுத்தாள்.
தின்றோம்.
அன்று ராத்திரி தலையணையில் காது வைத்தால்
என்னுடையது அடிப்பது கேட்டது,
புரண்டு படுத்தேன்.

சாரத்தில் ஏறிய முதல் நாளிலிருந்து அவர் வந்தார்.
எதிர் லாட்ஜ், மூன்றாம் மாடி,
கையில் பிளாஸ்க், சட்டைப்பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.
டீக்கடையில் நிமாய் என்றார்கள்,
சம்சாரத்துக்கு ஆபரேஷன் என்றார்கள்.
நிற்பார். பார்ப்பார். போவார்.
நீலக் குழாய்க்கு நான் நிழல் கொடுக்கும்போது
அவர் தலை ஒரு பக்கம் சாயும்.

நாலாம் நாள் உச்சி வெயில். பிளாஸ்க் இல்லை.
நேரே வந்து
இடது கீழறையில் கையை வைத்தார்,
அப்போதுதான் அடித்த எனாமல் சிவப்பில்.
"பெயிண்ட்! பெயிண்ட்!" என்று கத்தினேன்,
எங்கள் இருவருக்கும் பொதுவாய் இருந்த ஒரே சொல்.
அவர் எடுக்கவில்லை.
நானும் இறங்கி வந்தேனே தவிர
கையைப் பிடித்து விலக்கவில்லை.

பிறகு மண்ணெண்ணெய்த் துணியால்
விரல் விரலாய்த் துடைத்துவிட்டேன்.
என்னவோ சொன்னார், நீளமாக.
எத்தனை வருஷம் எழுதிய எழுத்து!
ஒரு சத்தம்கூடப் பிடிபடவில்லை.

நல்லதா கெட்டதா, தெரியாது.
மறுநாள் மூன்றாம் மாடி ஜன்னலில்
வேறு யாரோ புடவை காயப்போட்டிருந்தார்கள்.
வாசலில் நான் எழுதிய போர்டு.

முடித்த அன்று டாக்டர் வந்து தடவிப் பார்த்தார்.
"எல்லாம் ஓகே. இங்க மட்டும் ஏன் மேடு பள்ளமா கீது?"
"இடது பக்கம் சார்.
அங்கதான் சதை தடிப்பு."

தலையாட்டினார்.
பாக்கி ஆயிரத்து ஐந்நூறை
எண்ணிக் கொடுத்தார்.