இரண்டும் நீல மூடி

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு
எங்கள் அடுக்களை ஒரு சின்னத் துறைமுகம்.
பத்து டப்பாக்கள் மேசையில்,
வாயைத் திறந்துகொண்டு.
ஐந்து எனக்கு, ஐந்து லூட்சியானுக்கு.

வேகவைத்த காஷா அரைக் கிண்ணம்.
சுட்ட பீட்ரூட்; தோலுரித்து முடிக்கையில்
விரலெல்லாம் கொலைகாரச் சிவப்பு.
பாதி முட்டை.
உப்பில் ஊறிய வெள்ளரி தனியே ஒரு சிமிழில்,
இல்லையென்றால் அதன் தண்ணீர்
எல்லாவற்றையும் ஊறுகாயாக்கிவிடும்.
சதகுப்பைத் தழை கிள்ளிப் போட்டு மூடினால் தீர்ந்தது.
வியாழனும் வெள்ளியும் உறைபெட்டிக்குள்,
முட்டையும் வெள்ளரியும் மட்டும் அன்றன்றைக்கு.
நாற்பது நிமிஷம். அவன் உதவிக்கு வந்தால் ஐம்பது.

என் சாப்பாட்டுக்குச் சில சட்டங்கள் உண்டு.
க்தீனியா துறைமுகத்தில், பதினான்கு மாடி உயரத்தில்
என் இருக்கை. காலடியில் கண்ணாடி,
கண்ணாடிக்குக் கீழே கப்பல்.
லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் மௌனவிரதம்.
ஆகவே சூப் கிடையாது.
சூப் குடித்தவள் எதற்காக இறங்க வேண்டிவரும் என்பதைப்
பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை.
வெங்காயம் கிடையாது:
அடுத்த ஷிப்டுக்கு வரும் ஜெமோவித்
அதே இருக்கையில், அதே காற்றில்
எட்டு மணி நேரம் மூச்சுவிட வேண்டும்.

லூட்சியானுக்குச் சட்டம் போட்டவர் டாக்டர்.
இருபது வருஷமாய் உட்கார்ந்தே
டிராலிபஸ் ஓட்டுகிறவன்.
ரத்தத்தில் கொழுப்பு,
காகிதத்தில் சிவப்பு வட்டம்.
"சரி" என்றான்.
இவ்வளவு சுலபமாய் எதற்கும் அவன் சரி சொன்னதில்லை.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை விடியுமுன் இருட்டில்
டப்பா மாறிப்போனது.

பன்னிரண்டே முக்கால். காற்று எழும்பிவிட்டது.
கிரேன்களை நிறுத்தச் சொல்லி வயர்லெஸ்ஸில் குரல்.
கடல் முழுக்க நுரை தள்ளுகிறது,
கேபின் லேசாய் ஆடுகிறது,
நான் மூடியைத் திறக்கிறேன்.

மேலே ஒரு கோஸ் இலை.
நான் வைத்ததில்லை.
இலைக்குக் கீழே
ரொட்டித்தூள் பொரிந்து, பொன்னிறமாய்,
என் உள்ளங்கையைவிடப் பெரிதாய்
ஒரு பன்றிக் கட்லெட்.

முழுப் பூசணிக்காயை மறைக்கச் சோறாவது வேண்டும்.
இந்த மனிதனுக்கு ஓர் இலை போதுமாயிருக்கிறது.

எப்போது பொரித்தான்?
நான் ஒன்பதுக்குத் தூங்குகிறவள்.
நேற்று நடுராத்திரி ஜன்னல் திறந்திருந்ததே,
கேட்டதற்குப் "புழுக்கம்" என்றானே,
பிப்ரவரியில்!

கட்லெட்டைத் தூக்கிப் பார்த்தேன்.
அடியில் என் காஷா, என் பீட்ரூட், என் பாதி முட்டை,
ஒரு பருக்கை குறையாமல்.
எறியவில்லை.
அவன் கணக்கில் இதையும் எழுதிக்கொள்கிறேன்: எறியவில்லை.

ஆறிப்போனதுதான். ஆனாலும்
ஓரத்தில் அந்த மொறுமொறுப்பு.
பாதி என்று நினைத்தேன்.
காற்று நிற்பதாய் இல்லை.
மீதியும் போயிற்று.

போன் அடித்தது.
கடைசி நிறுத்தத்தில் அவனுக்கு ஆறு நிமிஷ ஓய்வு.
"சாப்பிட்டாயா, ஹால்ஷ்கா?"
"சாப்பிட்டேன். நீ?"
"ம். பீட்ரூட் நன்றாக இருந்தது."
கொஞ்ச நேரம் பஸ் கதவின் பெருமூச்சு மட்டும்.
"காகிதக் கைக்குட்டைக்கு அடியில் இருந்ததும்."

மூன்று சாக்லேட் வேஃபர்.
ஐந்து டப்பாவிலும் மூன்று மூன்று.
அதைப் பற்றி எந்த டாக்டரும் என்னிடம் பேசியதில்லை,
நானும் யாரிடமும் பேசியதில்லை.

"இங்கே பலத்த காற்று," என்றேன்.
"இங்கேயும்," என்றான்.

சாயங்காலம் இரண்டு டப்பாவும்
தொட்டியில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன,
நக்கியதுபோல் சுத்தமாய்.
நான் கழுவினேன், அவன் துடைத்தான்.

அடுத்த ஞாயிறு காஷா வெந்துகொண்டிருக்கையில்
என் ஐந்து மூடிகளிலும்
சிவப்பு நாடா ஒட்டினேன்.
எதற்கு என்று அவன் கேட்கவில்லை.
கத்தரிக்கோலை மட்டும் எடுத்துக் கொடுத்தான்.