பொருள் அனுப்புவோர் கவனத்திற்கு

குடைக்காரர்களே, குக்கர்க்காரர்களே,
துருப்பிடிக்காது என்று பெட்டிமேல் அச்சடிப்பவர்களே,
ஆளுக்கொன்று அனுப்புங்கள்.
இலவசமாகத்தான் கேட்கிறேன். வெட்கமில்லை.
விலை கொடுத்து ஏமாந்தவர்களின் ஊரிலிருந்து கேட்கிறேன்.

இது குறும்பனை.
கடலுக்கும் என் அடுப்புக்கும் இடையே நாற்பத்தொரு எட்டு,
ஆடியில் முப்பது.
சன்னல் கம்பியைத் தடவி விரலை நக்கினால்
குழம்புக்கு உப்புப் பார்த்த மாதிரி இருக்கும்.
உங்கள் சோதனைக்கூடத்தில் இந்தக் காற்று உண்டா?
இல்லையென்றால் அனுப்புங்கள்.

மழை இங்கே ஆண்டுக்கு இரண்டு தடவை.
முதலாவது மேற்கிலிருந்து, கதவைத் தட்டாமல்.
இரண்டாவது ஐப்பசியில், பின்வாசல் வழியே.
இரண்டையும் பார்த்துவிட்டு நிமிர்ந்து நிற்கும் குடைக்கு
நான் பெயர் வைப்பேன்.
இதுவரை ஒன்றுக்குத்தான் வைத்திருக்கிறேன்:
சவரியாள்.

நட்சத்திரம் போட எனக்குத் தெரியாது.
கொள்ளாம், கொள்ளாது, அவ்வளவுதான்.
எப்போதாவது, மனமில்லாமல், 'கிடக்கட்டு'.
செவ்வாய் சாயங்காலம் குழுவில் தவணை வசூலித்து முடிந்ததும்
நோட்டை விரித்து வாசிப்பேன்.
இருபத்திரண்டு பெண்கள் கேட்பார்கள்.
விடிவதற்குள் அந்தச் சொல்
அலுமினியச் சருவத்தில் சாளையோடு பஸ் ஏறி
கருங்கல், திங்கள்நகர், தக்கலை என்று இறங்கி
வீடு வீடாகப் போய்விடும்.
உங்கள் விளம்பரத்துக்கு இத்தனை படி ஏறத் தெரியாது.

ஒருமுறை ஒரு மிக்சி வந்தது,
கூடவே அச்சடித்த தாளும்:
'எங்கள் குடும்பத்தில் அனைவருக்கும் மிகவும் பிடித்துவிட்டது.'
கீழே என் கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு.
நல்ல மிக்சிதான், பொய் சொல்லக்கூடாது.
தேங்காயையும் நல்லமிளகையும் முணுமுணுக்காமல் அரைத்தது.
கொள்ளாம் என்று என் கையால் எழுதினேன்.
தாளில் நெத்திலி காயவைத்தேன்.

பிறகு வந்தது மிதவைச் சட்டை.
ஆரஞ்சு நிறம், முதுகில் வெள்ளிப் பட்டை.
இதை எப்படிச் சோதிப்பது?
பெர்க்மான்சிடம் கொடுத்துக் கடலுக்கு அனுப்பலாம்.
திரும்பி வந்தால் கொள்ளாம்.
வராவிட்டால் அந்த நோட்டை
யார் வாசிப்பது?

மூன்று இரவு ஆணியில் தொங்கியது.
நாலாம் நாள் நானே போட்டேன், நைட்டிக்கு மேல்.
எனக்கு நீச்சல் தெரியாது.
இந்தக் கரையில் பெண்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?
தூண்டில் வளைவுக்கு உள்பக்கம், அலை தணிந்த நேரம்,
நாத்தனார் ஜெனோவா கயிற்றின் மறுமுனையில்
ஜெபமும் வசையும் மாறி மாறி.
கால் தரையைத் தேடியது.
தரை இல்லை.

அப்போதுதான் முதன்முதலாகக்
கடலிலிருந்து கரையைப் பார்த்தேன்.
என் வீடு இவ்வளவு சின்னதா?
அவர் தினமும் பார்ப்பது இதைத்தானா?

மிதந்தேன் என்று எழுதினேன்.
பத்தொன்பதாம் நாள் இடுப்புக் கொக்கி துருப்பிடித்தது,
அதையும் எழுதினேன்.
கம்பெனியிலிருந்து ஒரு பையன் மரியாதையாகப் பேசினான்:
"அம்மா, அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிட முடியுமா?"
"முதல்ல கொக்கிய எடு மக்கா,
வரி தானா போவும்."
இன்னும் பதிலில்லை.

ஆகவே அனுப்புங்கள்.
டார்ச், தார்ப்பாய், செருப்பு,
எங்கள் போர்த் தண்ணீரில் நுரைப்பேன் என்று சொல்லும் சோப்பு.
ரெஜினாள், குருசடிக்கு வடக்கே என்று போட்டால் போதும்.
கூரியர் பையனுக்கு நாயென்றால் பயம்,
முக்கிலிருந்து போன் செய்வான்.

கருத்தை மட்டும் பெட்டிக்குள் வைத்து அனுப்ப வேண்டாம்.
அது இங்கே செய்வது.