பழுது எதுவும் காணப்படவில்லை

மைனஸ் இருபத்தொன்பது.
முப்பத்தொரு சதவீதம் இருக்கிறது என்று
காட்டிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போனது.

வாத்தியார் ஒருவர் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு
எனக்காக நின்றிருந்தார்.
எந்தத் தெரு என்று அவர் சொன்னது அதற்குள் இருந்தது.
முக்கால் மணி நேரம் டிரக்கை உருட்டித் தேடினேன்.
கிடைத்தபோது அவர் மீசை வெள்ளைக் கம்பியாகியிருந்தது.

வினிப்பெக்கில் செத்த கார்களை எழுப்புவது என் பிழைப்பு.
சிவப்புக்குச் சிவப்பு,
கடைசிக் கறுப்பு வெறும் இரும்பில்,
ஒரு உறுமல், ஒரு இருமல்,
எழுந்துவிடும்.
என் பையில் கிடந்த இதற்கு
எங்கே கவ்வக் கொடுப்பது கேபிளை?

வாரண்டி முடிய இன்னும் நான்கு நாள்.
ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன்.

கவுன்டரில் ஜெர்வின் என்று ஒரு பையன்.
தில்லைநாயகி அவன் கட்டத்தில் அடங்கவில்லை.
தில் என்று போட்டுக்கொண்டான்.
போகட்டும், அதுவும் கொஞ்சம் இருக்கிறது என்னிடம்.

கீழே போட்டீர்களா?
இல்லை.
தண்ணீரில்?
இல்லை.
கையால் தவிர வேறு எதனாலாவது இயக்கினீர்களா?
மூக்கால், என்றேன்.
கையுறையைக் கழற்றினால் விரல் போய்விடும், தம்பி.
அதற்குக் கட்டம் இல்லை போலும்.
எழுதாமல் விட்டான்.

சிம் துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தான்.
உள்ளே ஒரு பொட்டு இருக்குமாம்,
ஈரம் பட்டால் சிவந்துவிடுமாம்.
உங்களுடையது வெள்ளை, ரொம்ப நல்லது என்றான்.
பொட்டு வெளுத்திருந்தால் நல்லது என்று
இத்தனை வருஷத்தில் என்னிடம் சொன்ன
முதல் ஆள் அவன்தான்.

மூன்று மணி நேரம் சோதித்தார்கள்.
பழுது எதுவும் காணப்படவில்லை என்று
ஒரு தாள் வந்தது.
எப்படிக் காணும்?
கடைக்குள் இருபத்திரண்டு டிகிரி.
அங்கே எனக்கும்தான் எந்தப் பழுதும் இல்லை.

கையேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பினான்.
சுழியத்திலிருந்து முப்பத்தைந்து வரை
இயங்கும்.
அப்படியானால் நவம்பரிலிருந்து மார்ச் வரை
இது முகம் பார்க்கும் கண்ணாடியா?
விற்கும்போது சொன்னீர்களா?
விற்றது நானில்லை, என்றான்.
நியாயம்தான். விற்றவன் எப்போதும் வேறொருவன்.

வெளியே வா, என்றேன்.

மேற்பார்வையாளரின் கதவைப் பார்த்தான்.
கடிகாரத்தைப் பார்த்தான்.
தொப்பி இல்லாமலே வந்தான்.

தள்ளுவண்டிகள் உறைந்து ஒட்டிக்கிடந்த மூலையில்
என் போனை நடுவில் பிடித்து நின்றோம்.
ஐம்பத்திரண்டு.
நாற்பத்தேழு.
அவன் தன் போனில் நிமிடம் எண்ணிக்கொண்டிருந்தான்.
ஒரு பெண் கார் கண்ணாடியை இறக்கி,
உதவி வேண்டுமா என்றாள்.
முப்பத்தெட்டு.
முப்பத்திரண்டு.

அவனுடையது முதலில் செத்தது.

அதில்தான் நேரம் இருந்தது.
எத்தனை நிமிடம் தாங்கியது என்று
இனி யாருக்கும் தெரியாது.
என்னுடையது அணைந்ததை
அவன் காதைப் பொத்திக்கொண்டு குதித்தபடி பார்த்தான்.
சிரிப்பு வந்தது இரண்டு பேருக்கும்,
புகையாக.

உள்ளே வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:
உடனே சார்ஜ் போடாதீர்கள், முதலில் சூடேறட்டும்.
பக்கத்துப் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள்.
வெளிச் சட்டைப் பை வேண்டாம்,
உடம்பை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்தத் தாளில் தன் கையால் எழுதினான்:
வெளியே பழுது உண்டு. நேரில் கண்டேன்.
கையெழுத்துப் போட்டான்.
பதினான்கு வேலை நாளில் பதில் வரும்.
வந்தால் பார்ப்போம்.

அதுவரை அக்குளில் செருகியிருக்கிறேன்,
காய்ச்சல் பார்ப்பதைப்போல.
அடிக்கும்போதெல்லாம்
நான்கு சட்டையைத் தாண்டி எடுக்க வேண்டும்.
எடுத்ததும், வணக்கம்கூட வேண்டாம் என்கிறேன்.
முதலில் தெருவைச் சொல்லுங்கள்.
பிறகு வீட்டு எண்.
நேரம் மிச்சமிருந்தால்
உங்கள் பெயர்.