ஹெஸ்டர் ஆல்லி பாதிரியாரிடம் சொன்னது

இனி பிரசங்கத்தில் என் பெயரை எடுக்காதீர்கள்.
"தியாகி" என்றீர்கள்.
மூன்றாம் பெஞ்சில் இருந்தேன், கழுத்தெல்லாம் எரிந்தது.

போன வருடம் இதே கூடத்தில்
மணிக்கூண்டுக்குப் பணம் தரமாட்டேன் என்றபோது
"சுயநலக்காரி" என்றார்கள்.
அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

பெர்லியின் படகைப் பாறையிலிருந்து
இழுத்துவந்தது உண்மைதான்.
ஜனவரி மாத மைன் கடல்
யாருக்கும் உறவில்லை.
ஆனால் அவனும் போய்விட்டால்
இந்தத் துறையில் நான் யாரோடு சண்டை போடுவது?
கயிறு வீசியது எனக்காக.

எமோஸ் படுத்த நாலு வருடம்
பூங்கொத்தும் கையுமாய் வந்து
"உன் வாழ்க்கையையே கொடுத்துவிட்டாய்" என்றார்கள்.
கொடுத்தேனா?
அந்த மனுஷன் நெற்றியைத் துடைக்க
வேறொருத்தி துணியெடுத்திருந்தால்
அவள் மணிக்கட்டை ஒடித்திருப்பேன்.

கோல்பியைத் தெரியுமல்லவா, வார்டுவெல் வீட்டுப் பையன்.
முட்டை சுமந்த சிங்கி இறாலைப்
பிரஷ் போட்டுத் தேய்த்து, வயிற்றை வழித்து
பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தான்.
பிடித்துக் கேட்டேன்.
"அவரவர் நலனை அவரவர் பார்க்கணும்னு
நீதானே சொல்வாய், ஹெஸ்டர்!"
என் வார்த்தை. அவன் வாயில்
மீன் எண்ணெய் நாற்றம்.

டேய், நீ எங்கே உன்னைப் பார்த்துக்கொண்டாய்?
இன்று ராத்திரியைப் பார்த்துக்கொண்டாய்.
நாளைக்குக் காலையில் எழப்போகிறவன் யார்,
உனக்கு ஜென்மப் பகையா?

தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பார்கள்.
மிஞ்சினதைக் கேட்டுத்தான் எல்லோரும் வருகிறார்கள்;
அந்தத் "தனக்கு" யார் என்று
ஒருவரும் விசாரிப்பதில்லை.

முட்டைக்காரி கூண்டில் ஏறினால்
வால் மடலில் கத்தியால் ஒரு சின்ன வெட்டு,
மறுபடி தண்ணீருக்கு.
இனி அவளை எவனும் விற்க முடியாது.
கோடையில் வருகிறவர்கள் "கருணை" என்று படம் எடுக்கிறார்கள்.
ஏழு வருடம் கழித்து என் கூண்டுக்கு வரவேண்டிய வட்டி அது,
கருணையாம்!

ஒன்று மட்டும் கணக்கில் உட்காரமாட்டேன் என்கிறது.
எனக்கு எழுபத்தாறு.
பாங்கர் ஆஸ்பத்திரியில் படத்தை விளக்கில் பிடித்துக் காட்டி,
அடுத்த கோடையைப் பற்றிப் பேசாமலே
கைகுலுக்கி அனுப்பினார்கள்.
இன்று காலையும் ஒருத்தி வந்தாள், வயிறு கனக்க.
வெட்டுப் போட்டேன். விட்டேன்.
பச்சைத் தண்ணீரில் அவள் பின்புறமாய் இறங்கியதை
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று கேட்காதீர்கள்.
கேட்டால் சொல்லிவிடுவேன்,
நீங்கள் அதை
ஞாயிற்றுக்கிழமை வேறு பெயரில் சொல்வீர்கள்.